உப்புப் பார்த்த பிள்ளை

எங்கள் குசினிச் சுவரின் ஆணியில், அழுத்தும் தண்டு கழற்றிய பெரிய சிரிஞ்ச் ஒன்று தொங்குகிறது. மகள் சின்னவளாக இருந்தபோது அவளுடைய மூக்குக் குழாயில் அதைப் பொருத்தி, பாலை ஊற்றி, உயர்த்திப் பிடித்தபடி நிற்போம். உயர்த்தினால் பால் விரைவாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாகும். துஆவுக்கு ஏந்தும் கையும் அந்தக் கையும் எனக்கு ஒன்றாகவே இருந்தன.

நாம் தின்னும் மீனும் பருப்பும் உடம்புக்குள் நஞ்சாக மாறும் நோயோடு பிறந்தவள் அவள். ஆகவே மருந்துப் பால்தான், அதுவும் குழாயால்தான். பிறகு அல்லாஹ்வின் கிருபையால், அவளுடைய உம்மாவின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். இனி எல்லாம் சாப்பிடலாம், வாயால் சாப்பிட்டால் குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் அந்த வாய் சாப்பிடப் பழகியதே இல்லை. கரண்டியைக் கண்டாலே உதட்டை இறுக்குவாள். மீறி ஊட்டினால் குமட்டி ஓங்காளிப்பாள். அவள் பார்த்து ஏங்கக் கூடாதென்று குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்ட நாங்களும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நோன்பு திறப்பதும் கதவுக்குப் பின்னால்தான்.

அந்த நோன்பில் மூதூரிலிருந்து என் அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடுபவர், மகளுக்குப் பெரியவாப்பா, வந்து தங்கினார். முதல் நாளே கேட்டுவிட்டார்: "என்னடா தம்பி, சொந்த வீட்டிலயே களவெடுத்தா தின்னுறீங்க?"

மறுநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கொதிக்கும்போது, மகளைத் தூக்கிவந்து குசினிக் கதிரையில் இருத்தினார்.

"மகள், நாங்க எல்லாரும் நோன்பு. உப்புப் பாக்க ஏலாது. நீங்க ஒராள்தான் நோன்பில்லாத ஆள். பாத்துச் சொல்லுங்க."

நோன்பு மாதத்தில் எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைகளின் வேலை அது. அவளிடம் கேட்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை. சுடுநீரில் கழுவிய கரண்டியில் ஒரு சொட்டுக் கஞ்சியை ஆறவைத்து, அவளுடைய உம்மா அவள் கையிலேயே கொடுத்தாள். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கா வேறு பக்கம் பார்த்தபடி, "கெதியாச் சொல்லுங்க, உம்மா சட்டிய இறக்கப் போறா" என்றார்.

நாக்கு நுனியில் தொட்டாள். முகத்தைச் சுளித்தாள். யா அல்லாஹ் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓங்காளிக்கவில்லை.

"காணாது" என்றாள்.

உப்புப் போதாதாம்; அளவாகத்தான் இருந்திருக்கும். உம்மா இன்னும் கொஞ்சம் போட்டாள். மறுபடியும் தொட்டுவிட்டு, "காணாது." இன்னும் போட்டாள். கடைசியில் கரண்டியை வாய்க்குள் வைத்து, விழுங்கிவிட்டு, "சரி" என்றாள்.

அன்று பாய் விரித்து, அவளையும் கூட இருத்தி, நோன்பு திறந்தோம். கஞ்சி கடல்தண்ணிதான். காக்கா இரண்டு கோப்பை குடித்தார். "ஆர் உப்புப் பாத்தது? கெட்டிக்காரி!"

குழாய் உடனே போய்விடவில்லை; மாதங்கள் ஆயின. ஆனால் அந்தக் கதவை நாங்கள் மீண்டும் சாத்தவில்லை.

காக்கா இப்போது இல்லை. மகள் வளர்ந்துவிட்டாள். வேளைக்கு மருந்து குடிக்க வேண்டியிருப்பதால் டாக்டர் அவளை நோன்பு பிடிக்க விடவில்லை. ஆகவே உப்புப் பார்ப்பது இன்னமும் அவள்தான். நேற்று, சிரிஞ்ச் தொங்கும் ஆணிக்குக் கீழே நின்று கஞ்சியை ருசி பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். பிறகு ஏனோ இன்னும் ஒரு கை உப்பை அள்ளிச் சட்டிக்குள் போட்டாள்.

"பெரியவாப்பாக்கு இப்பிடித்தானே விருப்பம், வாப்பா. ரெண்டு கோப்பை குடிச்சார்தானே."

"ஓம் மகள்" என்றேன். பாங்கு சொன்னதும் நோன்பைத் திறந்து, கோப்பையைக் காலியாக்கி, இன்னொரு கோப்பை கேட்டேன்.