வார்லி வளைவில் ஹெட்லி

வார்லி மேட்டு வளைவு வந்ததும் ஹெட்லி மிட்ஜ்லியின் கால் தானாகவே பிரேக்கைத் தொடும். கட்டைவிரல் உயர்ந்து, கொடி மூடிய பழைய பண்ணைவீட்டைக் காட்டும்.

"இடது பக்கம் பாருங்க. ஹென்றி பிரிக்ஸ் பொறந்த வீடு. பள்ளிக்கூடத்துல லாகரிதம் அட்டவணை புரட்டினீங்கல்ல, அதைப் போட்ட மனுஷன். நம்ம யார்க்ஷயர்க்காரர்."

ஹாலிஃபாக்ஸுக்கு இறங்கும் முதல் பஸ்ஸை ஹெட்லி இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறார். அலுவலகம் துடைக்கப் போகும் நான் அவருக்குப் பின்னால் உட்காருவேன். பனியில் வீடே தெரியாத நாளிலும் அவர் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. கேட்பதெல்லாம் தினமும் வரும் அதே பத்துப் பேர்தான்.

ஹெட்லி பள்ளியில் கணக்கில் இரண்டு முறை தோற்றவர். "முப்பதாயிரம் எண்ணு. ஒவ்வொண்ணுக்கும் புள்ளிக்கு அப்புறம் பதினாலு இலக்கம், கையாலயே. பக்கத்து லங்காஷயர்க்காரனா இருந்தா பாதியில டீ குடிக்கப் போயிருப்பான்" என்பார்.

போன வாரம் வீட்டைப் புதிதாக வாங்கியவர்கள் கொடியை வெட்டிவிட்டார்கள். வீடு கட்டிய ஆண்டை வாசலின் மேற்கல்லில் செதுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். திங்களன்று பஸ்ஸிலிருந்தே தெரிந்தது: 1674.

"ஹெட்லி, உங்க ஆளு எப்பய்யா பொறந்தாரு?" என்றார் பூச்சுவேலைக்காரர் கீத்.

"ஆயிரத்து ஐந்நூத்து அறுபத்தொண்ணு."

"அப்ப நூத்திப் பதிமூணு வருஷம் மழையில நின்னாரா, பாவம்?"

பஸ் முழுவதும் சிரித்தது. ஹெட்லியின் பிடரி சிவந்தது.

செவ்வாயும் புதனும் வளைவில் வேகம் குறையவில்லை. கட்டைவிரலும் உயரவில்லை. புதனன்று இறங்கும்போது எட்னா பேரக்ளஃப் கிழவி படியிலேயே நின்றாள். "நீ அதைச் சொன்னாத்தான் எனக்கு முழிப்பே வரும், கண்ணு. ஏன் நிறுத்திட்டே?"

"இத்தனை வருஷம் பொய்யத்தான சொல்லியிருக்கேன், எட்னாம்மா. இனி எந்த வாயால சொல்ல?"

"வீடுதானய்யா தப்பு," கீத் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "ஊரு அங்கேயேதான இருக்கு."

வியாழனன்று வளைவில் பஸ் மெதுவானது. கீத் செய்தித்தாளை மடித்தார்.

"இடது பக்கம் பாருங்க," என்றார் ஹெட்லி. "இங்க எங்கேயோதான்."

வீட்டை நோக்கி எழுந்த கட்டைவிரல் பாதியில் நின்றது. பிறகு உள்ளங்கை விரிந்து, ஈரமான வயல்களையும் கற்சுவர்களையும் ஆடுகளையும் தடவிக்கொண்டு, சரிவின் அடிவரை மெல்ல நகர்ந்தது.