மஞ்சள் புள்ளி

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி எரியும். ஏதாவது தட்டிக்கொண்டே இருந்தால் பச்சை, ஐந்து நிமிடம் கையை எடுத்தால் மஞ்சள். என் போதாத காலம், எனக்குக் காகிதத்தில் கிறுக்கினால்தான் மூளை ஓடும்.

அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்து கட்டுப் பிரித்திருந்த சமயம் அது. பகலில் இரண்டு முறை யாராவது பிடித்துக்கொள்ள, கையை உயர்த்திப் பழக வேண்டும். விட்டால் தோள் இறுகிவிடும் என்றார் டாக்டர். சாங்வி பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அதற்காகவே இரண்டு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினேன்.

மூன்றாவது வாரம், எங்கள் மென்பொருளில் யாருக்கும் பிடிபடாத ஒரு கோளாறைப் பகல் முழுக்கக் காகிதத்தில் குடைந்து, சாயங்காலம் நாலே வரியில் சரிசெய்தேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, முந்தின நாள் ஐந்து மணி நேரம் நான் மஞ்சளில் இருந்ததாகச் சொன்னார். கோளாறு சரியாகிவிட்டதே என்றேன். அது வேறு விஷயமாம். திங்கள் முதல் தினமும் ஆபீஸ் வரச் சொன்னார். அம்மாவின் தோளைப் பற்றிச் சொன்னேன், வருத்தப்பட்டார், அவ்வளவுதான்.

ஆபீஸ் இருக்கும் ஹிஞ்சேவாடிக்கு நெரிசலில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. அங்கே போய் என்ன செய்தேன்? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறு ஊர்களில் இருந்த என் குழுவோடு பேசினேன். டீக்கு வரிசையில் நின்றதும் வேலை நேரம்தான், வாசலில் கார்டு தேய்த்தாயிற்றே. பதினோரு மணிக்கு வீட்டுக்கு போன் போடுவேன்.

"கைய தூக்கினியாம்மா?"

"தூக்கினேன்டி. நீ வேலைய பாரு."

மாதக் கடைசிக் கூட்டத்தில் என்னிடம் நல்ல முன்னேற்றம் தெரிவதாக மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். உருப்படியாக ஒன்றும் செய்யாத மாதம் அது. எரிச்சலில் எனக்கு முகம் கடுத்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கையில் சீப்போடு கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். கை காதுக்கு மேல் ஏறவில்லை.

"ஒண்டியா தூக்கினா உயிர் போவுதுடி. அதான் விட்டுட்டேன். ரெஹனே தோ, விடு, நீ கை கால் கழுவு."

சீப்பை வாங்கி நானே வாரிப் பின்னினேன். இன்றும் காலையில் நான் பின்னிவிட்டுத்தான் ஆபீஸ் கிளம்புகிறேன்.