சந்தனம் பூசிய பாஸ்போட்

டிக்கெட் விற்பது சுகம். விசா எடுத்துக் கொடுப்பதுதான் ஆளைத் தின்னும் தொழில். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, நோர்வேயில், ட்வெய்ட்டா என்ற இடத்தில் ஒரு தமிழரின் பயண முகவர் கடையில் சேர்ந்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பேச்சு வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

நோர்வேக்காரர்

பக்கத்து நகரமான திராமனில் இருந்து சிவா அண்ணை வந்தார். ஊரில் சண்டை என்பதால் அவருடைய அக்காவின் கல்யாணம் திருச்சியில். ஒரே தம்பி இவர். இவர்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் கால் கழுவி உள்ளே கூட்டிப்போக வேண்டிய ஆள். டிக்கெட்டை வேறெங்கேயோ மலிவாக எடுத்துவிட்டார். விசா மட்டும் இல்லை.

பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் இந்திய விசாவுக்கு விசாரணை கூடுதல், கிழமைக்கணக்கில் இழுக்கும் என்று சொன்னேன். திரும்பவும் சொன்னேன். புத்தம்புதுச் சிவப்புப் பாஸ்போட்டை என் மூக்குக்கு முன்னால் ஆட்டினார்.

"தம்பி, இதிலை நோர்வே எண்டு போட்டிருக்கிறது உமக்குத் தெரியேல்லையோ?"

அர்ச்சனை

விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். நேரே தூதரகத்துக்குப் போங்கோ என்றேன். மனுசன் நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பாஸ்போட்டுக்கு அர்ச்சனை செய்திருக்கிறார். பின்னேரம் தொங்கிய முகத்தோடு கடைக்குத் திரும்பி வந்தார். பாஸ்போட்டைத் திறந்தால் படத்தில் அவருடைய மூஞ்சியில் சந்தனம், கீழே நம்பர் வரியில் குங்குமம். ஈரக் கடதாசியால் துடைத்து இன்னும் பழுதாக்கியிருந்தார். தூதரகத்தில் எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்களாம். இங்கே பாஸ்போட் கொடுப்பது பொலிஸ்; இனி அங்கே புதிதாக ஒன்று எடுக்க வேண்டும், பிறகு விசாவுக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மட்டையில் பூசினால் காணாதா, ஏன் உள்ளே என்று கேட்டேன்.

"படத்தைப் பாத்தால்தானே பிள்ளையாருக்கு ஆர் எண்டு விளங்கும்!"

விசா வந்தது

வந்தது. கல்யாணத்துக்கு அடுத்த நாள்.

பாஸ்போட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டே கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னார். பெரியப்பாவின் மகன் கால் கழுவி, அதற்கு மாப்பிள்ளை கொடுக்கிற மோதிரத்தையும் போட்டுக்கொண்டானாம். மணவறையில் இருந்தே அக்கா வாசலைப் பார்த்துப் பார்த்து அழுதாவாம். சிவா அண்ணை விசாப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"ஆறு மாதத்துக்குக் குத்தியிருக்கிறாங்கள், தம்பி. அக்காவை இன்னொருக்கால் கட்டச் சொல்லட்டோ?"

விசா எப்படியும் வந்துவிடும், கேட்ட நாளுக்கு மட்டும்தான் வராது, அதற்கும் முகம் கொடுக்க வேண்டியவன் கவுண்டரில் நிற்கிறவன்.