மணல் காயவைத்தவரின் தரை

வேலாயுதம் மாமா மணலைக் கண்டால் கை வைக்காமல் போகமாட்டார். குனிந்து ஒரு பிடி அள்ளுவார். கட்டைவிரலால் தேய்ப்பார். பிறகு கையைக் காதருகே உயர்த்தி விரலிடுக்கு வழியே ஒழுகவிடுவார். உலர்ந்த மணல் சீறிக்கொண்டு இறங்கும், ஈர மணல் ஊமையாக விழும் என்பார். கல்யாண வீட்டு வாசலிலும் செய்வார், சாவு வீட்டு வாசலிலும் செய்வார். சீதாலெட்சுமி அத்தை தலையில் அடித்துக்கொள்வாள்.

அதுதான் அவர் பிழைப்பு. ரயில் எஞ்சின் கொட்டகையில் மணல் காயவைக்கும் வேலை. நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காதிருக்க, எஞ்சின் மணலைத் தூவிக்கொண்டே ஓடும். அந்த மணல் ஈரமாகிச் சோற்றுப் பருக்கைபோல ஒட்டிக்கொண்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் பெரிய அடுப்பில் போட்டு வறுப்பார். சாயங்காலம் தவறாமல் மழை கொட்டும் கோலாலம்பூரில் இருபது வருஷமாக ஈரத்தோடு மல்லுக்கட்டிய மனிதர்.

ரப்பர் விலை விழுந்த சமயத்தில் ஆட்குறைப்பில் அவரையும் நிறுத்தினார்கள். ரயில்வே கொடுத்திருந்த பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். பங்சார் ரோட்டுக்கு உள்ளே வாங்கிப்போட்ட துண்டு நிலத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் எழும்பிவிட்டன. தரைதான் பாக்கி. அந்தத் தரையில்தான் எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கினார்.

பலகை போட்டால் கறையான், மண் தரையென்றால் மழைக்கு ஊறும். "செவப்புச் சிமிட்டிதான் போடணும், மொகம் தெரியணும்" என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். கொத்தனார் தம்புசாமி வருவதாகச் சொன்ன வாரம் வரவில்லை. செந்தூலில் வேறு வேலையைப் பிடித்துக்கொண்டு, மாதம் பாதி போனபிறகு மட்டப்பலகையோடு வந்து நின்றார். அதற்குள் மாமா கலவைக்கான மணல் முழுவதையும் தகரத்தில் வறுத்து, சலித்து, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.

தம்புசாமி அதில் தண்ணீரை ஊற்றியதும் மாமா பதறிப்போனார்.

"என்ன கொத்தனாரே, பாடுபட்டுக் காயவெச்ச மணல்ல தண்ணி ஊத்துற?"

"ஊத்தாம? எச்சி துப்பியா கொழைக்கச் சொல்றீங்க? நவுருங்கண்ணே!"

தரை போட்டாயிற்று. சிவப்புப் பொடி தூவித் தேய்த்து, பழுத்த மிளகாய் நிறத்தில் மின்னியது. மறுநாள் தம்புசாமி களிமண்ணால் ஓரமெல்லாம் பாத்தி கட்டி, வீட்டுக்குள் கணுக்காலளவு தண்ணீர் நிறுத்தினார். "ஒரு வாரம் இப்படியே நிக்கட்டும். யாரும் கை வைக்கக்கூடாது."

மாமா வாசற்படியில் நின்று, தன் வீட்டுக்குள் குளம் தேங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கொத்தனார் தெருமுனை திரும்பியதும் பாத்தியைக் காலால் உடைத்தார். மறுநாள் கொத்தனார் வந்து திட்டித் திரும்பக் கட்டினார். இவர் திரும்ப உடைத்தார். இடையில் நான்தான் கிணற்றுக்கும் வீட்டுக்கும் வாளியோடு நடந்தேன்.

"மாமா, அவர் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்."

"நீ பேசாம இரு. மாசக் கடைசிக்கு எத்தன நாள் இருக்கு, தெரியுமா? சட்டி பானையைத் தண்ணியிலயா மெதக்கவிடுவா ஒங்கத்தை?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி வரமாட்டார். குவாட்டர்ஸ் வரிசையில் இருந்த கரியடுப்பையெல்லாம் இரவல் வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து, அறைக்கு இரண்டாக வைத்து மூட்டிவிட்டார் மாமா. ஆவி எழுந்தது. வெளியே மழை, உள்ளே உலை. சாயங்காலத்துக்குள் தரை வெளுத்து, வறண்டு, தட்டினால் கணகணவென்றது. "பாத்தியா, எலும்பாட்டம் காஞ்சிருச்சு!" என்று என் முதுகில் அறைந்தார்.

திங்களன்று தம்புசாமி வந்து பார்த்தார். நகத்தால் ஒரு கீறு கீறினார். சிவப்பு மாவு விரலில் வந்தது.

"அண்ணே, தரை போடச் சொன்னீங்களா, ரொட்டி சுடச் சொன்னீங்களா? தண்ணியக் குடிச்சாத்தான் சிமிட்டி இறுகும்னு தமிழ்லதானே சொன்னேன்?"

"ஈரம் இருக்கா, அத மட்டும் சொல்லு."

"ஈரமில்ல. தரையும் இல்ல."

சொன்ன தேதிக்குக் குடியேறிவிட்டோம். குவாட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். தரையோ பெருக்கப் பெருக்க மாவாக உதிர்ந்தது. புடவை ஓரம் சிவப்பு, பாய் சிவப்பு, சோற்றிலும் நறநறப்பு. கோவிலில் எங்கள் உள்ளங்காலைப் பார்த்தே இன்னார் வீடு என்றார்கள். முகம் தெரியும் தரை கேட்ட அத்தை, விளக்குமாற்றைக் கீழே வைக்காமல் ஏசினாள். "சாயப்பொடி மட்டம், அதான்" என்பதற்குமேல் மாமா ஒரு சொல் இறங்கிவரவில்லை.

அடுத்த வருஷம் செந்தூலில் கபிரியேல் என்ற ரயில்வே பிட்டரைப் பார்த்தேன். எங்களுக்குப் பின் அந்தக் குவாட்டர்ஸ் அவருக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. வீடு வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"நான் எங்க தம்பி போனேன்? எனக்குத்தான் இங்க சொந்த வீடு இருக்கே. நீங்க காலி பண்றதுக்கு முன்னமே அந்த வீடு எனக்கு வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். நீங்க போனப்புறம் அது மாசக்கணக்கா, தீபாவளி வரைக்கும் பூட்டியேதான் கெடந்துச்சு."