வியாழக்கிழமை வட்டத்தில் பெலிசியா மேடம்

பெலிசியா மேடம் இறந்த செய்தி, ஒட்டன்சத்திரம் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. அழைத்தது அவர் குழுவின் பழைய மாணவி முத்துச்செல்வி. "கட்டாயம் வந்துருங்க சார்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நம் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் தங்களைத் தாங்களே அறிந்துகொள்வதற்காக மேடம் நடத்திய குழு வழிகாட்டலை நீங்கள் அறிவீர்கள். வியாழன் பிற்பகல் நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம்; ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்போம். "அறிவுரை வேணாம்ப்பா. கேட்டப்ப உனக்குள்ள என்ன ஆச்சு, அதைச் சொல்லு" என்பார். துணைக்கு ஆசிரியரான என்னையும் அழைத்திருந்தார். மாணவர்களைத் திருத்தப் போவதாக நினைத்துத்தான் போனேன்.

ஒருநாள் முத்துச்செல்வி, வகுப்பில் வாய் திறக்கவே பயமாக இருப்பதாகச் சொல்லத் தொடங்கினாள். "இங்கிலீஷ் வராதுன்னுதானே? அதெல்லாம் பழகிரும்" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "நான் அதைச் சொல்ல வரல சார். நீங்க எப்பவுமே எங்களைச் சொல்லி முடிக்க விடமாட்டேங்குறீங்க."

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. மேடம் காப்பாற்றுவார் என்று பார்த்தேன். அவரோ, "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்று எழுந்து வெளியேறிவிட்டேன்.

மறுநாள் கேன்டீனில் மேடம் எதிரே வந்து உட்கார்ந்தார். "நீங்க வராம இருந்தா, உண்மையைச் சொன்னா ஆளுக எந்திரிச்சுப் போயிருவாங்கன்னுதான் அந்தப் புள்ள நினைக்கும்."

அடுத்த வியாழன் போனேன். "வெக்கமா இருந்துச்சு, அதான் போயிட்டேன்" என்றேன். அன்று முத்துச்செல்வி முழுதாகப் பேசினாள். அவள் பயத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அந்த வட்டத்துக்குள் சொன்னது.

அதோடு நான் திருந்திவிட்டதாகவே நம்பியிருந்தேன். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மேடத்தின் கணவர் என் கையைப் பிடித்து, "கடைசி நேரத்துல அவ..." என்று தொடங்கினார். "நிம்மதியாத்தான் போயிருப்பாங்க" என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவரையும் சொல்லி முடிக்க விடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இம்முறை அதைச் சொல்லிக்காட்ட முத்துச்செல்வியும் பக்கத்தில் இல்லை, மேடமும் இல்லை.

போன ஞாயிறு மேடத்தின் கணவரைத் தேடிப் போனேன். "அன்னைக்கு நீங்க சொல்ல வந்ததை நான் கேக்கல. இப்பச் சொல்வீங்களா?"

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்பப் பயந்தா சார். என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. வாரவங்க எல்லாரும் நிம்மதியாப் போயிட்டாங்கன்னே சொல்றாங்க. நான் இதை யார்ட்டப் போய்ச் சொல்றது?"

அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பெலிசியா மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வெட்கம்தான். இது ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்வேன்.