சிவமலர் கையெழுத்து வைத்த படிவம்

“வெல்ஃபேர் எடுக்கிறீங்களோ?” என்று றோசலின் கேட்டபோது அந்தச் சின்ன அறையில் இன்னொருவரும் இருந்தார். கோயிலில் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டும் யோகராணி. தன் பாஸ்போர்ட் வேலையாக வந்து கதவோரக் கதிரையில் காத்திருந்தார்.

“இல்லை” என்றாள் சிவமலர்.

கோட்-டே-நெஜ் என்ற பகுதியில், பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கும் அந்த அறையில்தான் றோசலின் புலம்பெயர்ந்து வந்த தமிழ்ச் சனங்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பார். சிவமலரின் கணவரை ஊரிலிருந்து கூப்பிடும் படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டு, அவளின் பக்கம் தாளைத் திருப்பினார். சிவமலர் கையெழுத்து வைத்தாள். வேலைக் கடிதத்தைப் பிறகு கொண்டு வருவதாகச் சொன்னாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. லாசாலில் தனியாக இருந்தாள். முதல் கல்யாணம் முறிந்து பல வருடம். தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது முதுகெலும்பில் தட்டு விலகியது. எழும்பி நடக்க முடியாமல் கிடந்த காலத்தில் வெல்ஃபேர் என்ற அரசாங்க உதவிக் காசு எடுக்கத் தொடங்கினாள். முதுகு சுகமான பிறகும் அதை நிறுத்தவில்லை. முதலில் குளிர் போகட்டும் என்றிருந்தாள். பிறகு பயம் வந்தது. பிறகு அதுவே பழகிவிட்டது.

போன வருடம்தான் சாவகச்சேரியில் இரவிச்சந்திரனைக் கட்டினாள். அவர் மனைவியை இழந்தவர், கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளர். அவரிடம், தான் ஒரு காரியாலயத்தில் வேலை செய்வதாகச் சொல்லியிருந்தாள். ஊருக்குப் போன மாதம், நாட்டில் இல்லாததால் உதவிக் காசு நின்றது. தாலியோடு திரும்பி வந்த கிழமையே மறுபடி விண்ணப்பித்தாள்.

றோசலினிடம் பொய் சொன்ன அன்று, கீழே பஸ் தரிப்பிடத்தில் நின்றவளுக்குப் பக்கத்தில் யோகராணி வந்து நின்றார்.

“வேலைக் கடிதம் எண்டால் யோசியாதேயும். என்ர தம்பி புரோசார்ட்டில டெப்பனர், சின்னக் கடை, வைச்சிருக்கிறான். அங்கை வேலை செய்யிறீர் எண்டு எழுதித் தருவான்.”

“எனக்கு ஏன் அக்கா?”

“பிள்ளை, நீர் வெல்ஃபேரில இருக்கிறது எல்லாருக்கும் தெரியும்தானே.”

அவர் குத்திக் காட்டவில்லை. உதவி செய்யத்தான் சொன்னார். சிவமலருக்கு அதுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் காய்கறி வெட்டும் பெண்களுடன் இருந்து, வேலைக் களைப்பு, மேலதிகாரி என்று அவள் விட்ட கதைகளையெல்லாம் அவர்கள் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார்கள். வேறு ஒரு பஸ்ஸில் ஏறி, எங்கேயோ இறங்கி, மெட்ரோ எடுத்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை றோசலினின் கதவைத் தட்டினாள்.

“அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போடுங்கோ அக்கா. நான் வெல்ஃபேர் எடுக்கிறன்.”

றோசலின் அதைத் தேடி எடுத்துக் கிழித்துப் போட்டார். “வேறை ஆள் இருக்கேக்க கேட்டது என்ர பிழை” என்றார். பிறகு விளங்கப்படுத்தினார். “மனிசனைக் கூப்பிட இவ்வளவு உழைக்கோணும் எண்டு ஒரு கணக்கும் இல்லை. ஆனால் வெல்ஃபேரில இருக்கேலாது. மூண்டு வருசத்துக்கு அவரைப் பாப்பன் எண்டு நீங்கள் அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கோணும். உங்களையே அரசாங்கம் பாத்தால் அதை எப்பிடி எழுதுவியள்?”

மூன்று கிழமையில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளைத் தோய்க்கும் தொழிற்சாலை. சூட்டோடு வரும் துணியை எட்டு மணித்தியாலம் நின்று மடிக்க வேண்டும். இனி உதவிக் காசு வேண்டாம் என்று சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது, மறுமுனையில் இருந்த பெண் “பிராவோ, மதாம்” என்று பிரெஞ்சில் பாராட்டினாள். சிவமலர் முகம் சிவக்க, “மெர்சி” என்று நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

சில மாதச் சம்பளத் துண்டுகள் சேர்ந்ததும் றோசலின் அவளுடைய படிவத்தையும், ஊரிலிருந்து கணவர் நிரப்பி அனுப்பியதையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மனைவியின் தொழில் என்ற இடத்தில் இரவிச்சந்திரன் ‘காரியாலய உத்தியோகத்தர்’ என்று எழுதியிருந்தார்.

“இரண்டும் ஒண்டாக இருக்கோணும்” என்றார் றோசலின். “நீங்கள்தான் அவரோட கதைக்கோணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்தாள். அங்கே பொழுதுபட்டு, அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னாள். அதற்கு முன்னால் காரியாலயம் என்று ஒன்றும் இருக்கவில்லை என்றும், முதுகு வருத்தம் வந்த பிறகு உதவிக் காசில் இருந்ததாகவும் சொன்னாள்.

“முதுகு வருத்தத்தில எடுத்தனீர். அதில என்ன வெக்கம்?” என்றார் அவர்.

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். அவரே வழி விட்டுக் கொடுத்திருந்தார்.

“முதுகு சுகமாகி மூண்டு வருசம்” என்றாள். “அதுக்குப் பிறகும் எடுத்தனான். சும்மா இருந்து எடுத்தனான்.”

அவர் பக்கத்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனது கேட்டது.

“நீர் காரியாலயத்தில வேலை எண்டு நான் இஞ்சை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்” என்றார் கடைசியில். “சரி, வைக்கிறன்.”

பதினொரு நாள் அவர் அழைக்கவில்லை. அவளும் அழைக்கவில்லை. விரிப்புகளை மடித்துக்கொண்டே, அவர் எழுதப்போகும் வசனத்தை மனதுக்குள் விதம்விதமாக எழுதிப் பார்த்தாள். ஒன்றிலும் அவர் வருவதாக இல்லை.

பன்னிரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு படம் வந்தது. புதிதாக நிரப்பிய படிவம். மனைவியின் தொழில் என்ற இடத்தில், சங்கக்கடைப் பேரேட்டு எழுத்தில், ‘சலவைத் தொழிற்சாலை ஊழியர்’ என்று இருந்தது. கீழே ஒரு செய்தி: “நீர் இனிமேல் என்னட்டை ஒண்டும் மறைக்க வேண்டாம். எனக்குக் கோவம் இன்னும் கிடக்கு. ஆனால் வாறன்.”

அவர் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு மார்ச் மாதம் வந்து இறங்கினார். சிவமலர் இரண்டு நாள் லீவு எடுத்திருந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலை அவள் வேலைக்கு வெளிக்கிட்டபோது, அவரும் குளிர்ச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு நின்றார்.

“நீங்கள் ஏன்?”

“இடத்தைப் பாத்திட்டு வாறன்.”

பஸ்ஸால் இறங்கியதும், இந்த மூலையோடு அவர் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்தாள். அவர் தொழிற்சாலை வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே போகும் பெண்களைப் பார்த்தார், குழாயால் வெளியேறும் வெள்ளை ஆவியைப் பார்த்தார். அவரை நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பையிலிருந்த நீல வேலை மேலங்கியை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.