நாவலில் நடந்த வளைகாப்பு

கால் முறிந்து நாமக்கல் வீட்டில் கிடந்தபோது, ஒரே சமயத்தில் மூன்று நாவல்களை மாற்றி மாற்றிப் படித்தேன். பெரிய அறிவாளி என்று நினைப்பு. மனைவி சின்ன வெங்காயம் உரிக்கும்போது, அன்றன்று படித்ததை அவளுக்குக் கதையாகச் சொல்வேன்.

ஒருநாள், "கடைசியில செல்வி செத்துப் போயிட்டா" என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது.

"ஏனுங்க, நேத்துத்தான அவளுக்கு வளைகாப்புன்னீங்க? ஊட்டுல புள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டுப் பேசற பேச்சுங்களா இது?"

முதல் பிரசவத்துக்கு வந்திருந்த எங்கள் மகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் மூன்று நாவல்களையும் புரட்டினேன். செத்துப்போன செல்வி ஒன்றில் இருந்தாள். வளைகாப்பு எதிலுமே இல்லை. அப்புறம் யாருக்கு நடத்தி வைத்தேன்?

"கொழப்பிட்டேன். செத்தது வேற ஆளு. செல்விக்குச் சுகப்பிரசவம்."

"புஸ்தகத்துல இருக்குதுங்களா, நீங்களாச் சொல்றீங்களா?"

"இருக்குது."

"பொறந்ததும் கொழந்த அழுதுச்சுங்களா?"

"தெருவுக்கே கேட்டுச்சாம்."

அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். எனக்குத்தான் அதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை. இத்தனை நாளும் படித்ததைச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். மகளை நினைத்துப் பயந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.